நைட் டூட்டி ஹேண்டோவரை சாஃப்ட்வேர்ல உருப்படியா செட் பண்றது எப்படி

"லேப் பாக்கணும்." ஒரு நாள் சாயங்காலம் ஹேண்டோவர் லிஸ்ட்ல (ஷிஃப்ட் முடிச்சு கிளம்புற டாக்டர் அடுத்து வர்றவர்கிட்ட பேஷண்டுங்களை ஒப்படைக்கிற பட்டியல்) ஒரு பேஷண்ட் பேருக்கு நேரா இப்படி டைப் பண்ணிட்டு நான் கிளம்பிட்டேன். என் மனசுல இருந்தது என்னன்னா, ராத்திரி 10 மணிக்கு எடுக்கப்போற பொட்டாசியத்தை பாக்கணும், 6க்கு மேல இருந்தா உடனே ஈசிஜி எடுத்து ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கணும். நைட் டூட்டில இருந்த ஜூனியர் 8 மணிக்கு சிஸ்டத்தை திறந்திருக்காரு, மத்தியானம் எடுத்த ரிசல்ட் 5.1னு இருந்துச்சு, பெருசா பயப்பட ஒண்ணும் இல்லன்னு டிக் போட்டுட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டாரு. 10 மணி சாம்பிள் 6.4. லேப்ல இருந்து 2 மணிக்கு போன் வந்தப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அதுல எங்க சாமர்த்தியம் எதுவும் இல்ல.

இதுல அந்த ஜூனியர் மேல எந்த தப்பும் இல்லங்க. நான் எழுதுனதை அவர் அப்படியே செஞ்சாரு. கூத்து என்னன்னா அப்போ எங்ககிட்ட இருந்தது பேப்பர் லிஸ்ட் கூட இல்ல, சாஃப்ட்வேர்தான், கலர் கலரா கட்டம், பேர் வயசு பெட் நம்பர் எல்லாம் தானா வந்து உக்காரும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும். ஆனா எது முக்கியமோ அந்த ஒரு கட்டத்துல மட்டும் என்ன வேணா எழுதலாம்னு விட்டுட்டாங்க, நானும் எழுதிட்டேன். அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மூணு வார்டுல இதை திரும்ப திரும்ப மாத்தி கட்டி பாத்ததுல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். சுருக்கமா என் கட்சி இதான்: காப்பி பண்ற வேலை முழுசையும் சாஃப்ட்வேர் பண்ணட்டும், டாக்டர் டைப் பண்றது "இன்னைக்கு ராத்திரி என்ன ஆகலாம், அப்படி ஆனா என்ன பண்ணணும்" மட்டும்தான் இருக்கணும்.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னா, ஹேண்டோவர் எண்ணிக்கை குறையப்போறதே இல்ல. அமெரிக்கால 2003ல ரெசிடென்ட்டுக்கு (பயிற்சில இருக்குற டாக்டர்) வாரத்துக்கு 80 மணி நேரம்னு கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க, 2011ல முதல் வருஷ ஆளுங்களுக்கு ஒரேடியா 16 மணி நேரத்துக்கு மேல வேலை இல்லன்னாங்க (அதை 2017ல திரும்ப எடுத்துட்டாங்க, அது தனி கதை). டாக்டருக்கு தூக்கம் கிடைக்குது, நல்லதுதான், ஆனா ஷிஃப்ட் சின்னதாக சின்னதாக ஒரே பேஷண்ட் கை மாறுற தடவை கூடிட்டே போகும். சாஃப்ட்வேர் உதவுமான்னு கேட்டா, உதவும், அதுக்கு பழைய சாட்சியே இருக்கு. பாஸ்டன்ல பிரிகாம் அண்ட் விமன்ஸ் ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் சைன்-அவுட் (ஹேண்டோவருக்கு அங்க சொல்ற பேர்) வெச்சு பாத்த ஆய்வு 1998ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி வேற டீம் டாக்டர் கவர் பண்ற நேரத்துல தடுத்திருக்கக்கூடிய பாதிப்பு வர்ற ஆட்ஸ் ரேஷியோ (சொந்த டீம் டாக்டர் இருக்குற நேரத்தோட ஒப்பிட்டா வாய்ப்பு எத்தனை மடங்குங்குற கணக்கு) 5.2, கம்ப்யூட்டர் லிஸ்ட் வந்தப்புறம் 1.5. அப்புறம் 2014ல ஐ-பாஸ்ங்குற ஹேண்டோவர் முறையை வெச்சு ஒரு ஆய்வு, 9 ஆஸ்பத்திரி, 10,740 அட்மிஷன், மருத்துவ தவறு 23% குறைஞ்சுது, தடுக்கக்கூடிய பாதிப்பு 30% குறைஞ்சுது. ஆனா அங்க வெறும் சாஃப்ட்வேர் போடல, ட்ரெய்னிங், பேசுற முறை, சீனியர் பக்கத்துல நின்னு கவனிக்கிறதுன்னு ஒரு மூட்டையா கொடுத்தாங்க. அதனால "சாஃப்ட்வேர் வாங்கிட்டோம், சரியாயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

முதல்ல ஒரு வாரம் சும்மா பாருங்க

எந்த ஸ்கிரீனையும் டிசைன் பண்றதுக்கு முன்னாடி இப்போ நடக்குற ஹேண்டோவரை ஒரு வாரம் பக்கத்துல நின்னு பாருங்க, வாய் திறக்காதீங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் ஆளாளுக்கு பாக்கெட்ல வெச்சிருக்குற மடிச்ச பேப்பரை கேட்டு வாங்குங்க. அந்த பேப்பர் தங்கம். சிஸ்டத்துல இருந்து கையால காப்பி பண்ணி எழுதுனது எது, சிஸ்டத்துல எங்கயுமே இல்லாம ஆளு மனசுல இருந்து எழுதுனது எதுன்னு ரெண்டு கலர் பேனால கோடு போடுங்க. முதல் கலர் எல்லாம் சாஃப்ட்வேர் வேலை. ரெண்டாவது கலர்தான் ஹேண்டோவர். எங்க வார்டுல பண்ணப்போ கிட்டத்தட்ட முக்கால்வாசி முதல் கலர்தான், அதாவது டாக்டருங்க சாயங்காலம் உக்காந்து ஹீமோகுளோபின் நம்பரை பாத்து பாத்து எழுதிட்டு, யோசிக்க வேண்டிய நேரத்துல களைச்சு போயிடுறாங்க.

இன்னொண்ணு, நைட் பாத்தவங்ககிட்ட காலைல ஒரே கேள்வி கேளுங்க: "நேத்து ராத்திரி எதை தேடி அலைஞ்சீங்க?" நல்லா இருந்துச்சா இல்லையான்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. எதை தேடுனீங்கன்னு கேட்டா கொட்டுவாங்க. இந்தம்மாவுக்கு எந்த கைல ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைச்சு வெச்ச இடம்) இருக்குன்னு தெரியல, சொந்தக்காரங்க யாருக்கு போன் பண்றதுன்னு தெரியல, ரத்தம் ஏத்த கன்சென்ட் வாங்குனாங்களா இல்லையான்னு தெரியல, இப்படி. அந்த லிஸ்ட்தான் உங்க சாஃப்ட்வேருக்கு ஸ்பெக், அதாவது அதுல என்னென்ன இருக்கணும்ங்குற குறிப்பு.

எதுல கட்டுறது

ஆஸ்பத்திரில ஏற்கனவே எலக்ட்ரானிக் ரெகார்ட் இருந்தா அதுக்குள்ளயே கட்டுங்க. எபிக், சேர்னர் (இப்போ ஆரக்கிள் ஹெல்த்) மாதிரி பெரிய சிஸ்டம்ல ஹேண்டோவருக்குன்னே தனி பகுதி இருக்கு, ஐடி டீம்கிட்ட கேட்டா திறந்து விடுவாங்க, ஓப்பன்எம்ஆர்எஸ் மாதிரி ஓப்பன் சோர்ஸ்னா ஃபார்ம் நீங்களே கட்டிக்கலாம். வெளிய தனியா ஒரு அழகான ஆப் வாங்கி அதுல பேஷண்ட் பேரை மறுபடி டைப் பண்ண வெச்சீங்கன்னா மூணே வாரத்துல எல்லாரும் பேப்பருக்கு திரும்பிடுவாங்க, பந்தயம் கட்டுறேன். ரெகார்ட் சிஸ்டமே இல்லன்னா ஆஸ்பத்திரி சர்வர்ல இருக்குற, லாகின் உள்ள ஒரு ஷேர்டு ஷீட் போதும். ஷீட்டுன்னு கேவலமா நினைக்காதீங்க, கட்டம் சரியா இருந்தா நல்லா ஓடும்.

வாட்ஸாப் குரூப் மட்டும் வேணாம். எல்லாரும் பண்றாங்க தெரியும், நானும் பண்ணியிருக்கேன். பிரைவசி ஒரு பக்கம் இருக்கட்டும் (பேஷண்ட் பேரு, போட்டோ, ரிப்போர்ட் எல்லாம் ஊர்ல இருக்குற எல்லார் சொந்த போன்லயும் கிடக்குது, வேலைய விட்டு போனவங்க போன்லயும் கிடக்குது), அதை விட்டுட்டு பாத்தா கூட அது ஒரு ஓட்டம்ங்க, பட்டியல் கிடையாது. 14 பேஷண்ட் பத்தி 60 மெசேஜ், நடுவுல யாரோ பர்த்டே விஷ், அதுல "பெட் 9 பிளட் வந்துடுச்சா"ன்னு ஒண்ணு, அதுக்கு ரெண்டு தம்ஸ் அப். எது முடிஞ்சுது எது முடியலன்னு ஆண்டவனுக்குதான் வெளிச்சம்.

சாஃப்ட்வேர் நிரப்புறது எது, கை நிரப்புறது எது

தானா வர வேண்டியது: பேர், வயசு, ஆஸ்பத்திரி நம்பர், பெட், அட்மிட் ஆன தேதி, யார் பொறுப்பு டாக்டர், அலர்ஜி, குழந்தைன்னா எடை, இப்போ ஓடுற மருந்து, கடைசி வைட்டல்ஸ் (பிபி, நாடி, மூச்சு, காய்ச்சல் மாதிரி), கடைசி 24 மணி நேர லேப், இன்னும் ரிசல்ட் வராத டெஸ்ட், சிபிஆர் பண்ணலாமா வேணாமாங்குற முடிவு. இந்த கடைசி ஐட்டத்தை யாரும் கையால டைப் பண்ணவே கூடாது, ஆர்டர்ல என்ன இருக்கோ அது அப்படியே வரணும், ஏன்னா நேத்து குடும்பத்தோட பேசி முடிவு மாறியிருக்கும், லிஸ்ட்ல பழசு நிக்கும், ராத்திரி 3 மணிக்கு அதை நம்பி ஒருத்தர் ஓடுவாரு இல்ல ஓடாம நிப்பாரு.

தானா வர்ற ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு வரணும். நேரம் இல்லாத லேப் வேல்யூ என்ன பண்ணும்னு மேலயே சொல்லிட்டேன். அதோட எல்லா லேப்பையும் கொட்டாதீங்க, நார்மலா இருக்குற 30 நம்பருக்கு நடுவுல ஒரு 6.4 ஒளிஞ்சுக்கும், மாறுனதையும் நார்மலுக்கு வெளிய இருக்குறதையும் மட்டும் காட்டுனா போதும், மிச்சம் கிளிக் பண்ணா வரட்டும். பெட் நம்பரை வெச்சு ஆளை அடையாளம் காட்டாதீங்க, சாயங்காலம் பெட் மாறும். ஒரே பேர்ல ரெண்டு பேர் வார்டுல இருந்தா தானா ஒரு எச்சரிக்கை வர்ற மாதிரி வைங்க, கட்டுறது சின்ன வேலைதான், ஒரு தடவை பிரயோஜனப்பட்டாலே போதும்.

இப்போ கையால வர வேண்டியது. இதுக்கு ஐ-பாஸ் வரிசையே எனக்கு சரியா வருது. 5 பகுதி: எவ்ளோ சீரியஸ், சுருக்கமா கதை, செய்ய வேண்டிய வேலை, என்ன ஆகலாம் அப்படி ஆனா என்ன பண்றது, கடைசியா வாங்குறவர் தன் வாயால திருப்பி சொல்றது. எஸ்பார்னு இன்னொண்ணு இருக்குல்ல, அமெரிக்க நேவியோட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து வந்து கைசர் பெர்மனென்டே மூலமா ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சது, அது ஒரு பேஷண்டை பத்தி அவசரமா போன்ல சொல்றதுக்கு அருமையான முறை, ஆனா 20 பேஷண்டை மொத்தமா கை மாத்துற லிஸ்டுக்கு ஐ-பாஸ்தான் பொருந்துது. இது என் அபிப்பிராயம், உங்க ஆஸ்பத்திரில எஸ்பார் ஊறிப்போயிருந்தா சண்டை போடாதீங்க, கட்டங்கள் இருந்தா சரி.

சீரியஸ் கட்டத்துல மூணே மூணு ஆப்ஷன் குடுங்க, ஸ்டேபிள், கவனிக்கணும், சீரியஸ். நடுவுல இருக்குற "கவனிக்கணும்"தான் உயிர். சீரியஸ் ஆளை யாரும் மறக்க மாட்டாங்க, ஸ்டேபிள் ஆளு பெரும்பாலும் தூங்குவாரு, ராத்திரி நம்மளை கவுக்குறது இந்த நடு ஆளுதான், நம்பர் எல்லாம் ஓரளவு ஓகே ஆனா உங்க வயித்துல ஏதோ பண்ணுது பாருங்க, அவர். லிஸ்ட் பெட் நம்பர் வரிசைல வரக்கூடாது, இந்த கட்டத்தோட வரிசைல வரணும், சீரியஸ் மேல, ஸ்டேபிள் கீழ. பெட் வரிசைல போனா கடைசி பெட் பேஷண்டை பத்தி பேசுறப்போ ரெண்டு பேரும் களைச்சு போயி ஒருத்தர் கை கார் சாவில இருக்கும்.

கதை கட்டத்துக்கு எழுத்து எண்ணிக்கைல ஒரு லிமிட் வைங்க. நாங்க 300 வெச்சோம், முதல் வாரம் திட்டுனாங்க, அப்புறம் பழகிடுச்சு. வேலை கட்டம் ஒரே பெரிய பெட்டியா இருக்கக்கூடாது, ஒரு வேலைக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரிலயும் என்ன, எத்தனை மணிக்கு, முடிஞ்சா டிக். நேரம் போடாம சேவ் ஆகவே கூடாது. இந்த ஒரு விதி இருந்திருந்தா நான் "லேப் பாக்கணும்"னு எழுதிட்டு தப்பிச்சிருக்க முடியாது. டிக் பண்றப்போ ரிசல்ட் என்னன்னு ஒரு சின்ன கட்டம் கூட வைங்க, காலைல திருப்பி வாங்குறவருக்கு "பாத்தாச்சு"ங்குற டிக் எதுக்கும் உதவாது, "10 மணி பொட்டாசியம் 4.8"னு இருந்தாதான் உதவும்.

"ஆனா என்ன பண்றது" கட்டம்

இங்கதான் உங்க நேரத்தை போடுங்க. சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு கட்டாய விதி வெக்க முடியும்னா இதை வைங்க: "கவனிக்கணும்" இல்ல "சீரியஸ்"னு தேர்ந்தெடுத்தா இந்த கட்டம் காலியா இருக்கக்கூடாது. ரெண்டு பெட்டியா பிரிங்க, இடது பக்கம் "இப்படி ஆனா", வலது பக்கம் "இதை பண்ணு". ஒரே பெட்டியா விட்டா "க்ளோஸா வாட்ச் பண்ணவும்"னு எழுதிட்டு போயிடுவாங்க, அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது, ராத்திரி டூட்டில இருக்குறவர் வேற என்ன பண்ணப்போறாரு, கண்ணை மூடிக்கிட்டா உக்காந்திருப்பாரு?

ஒரு கற்பனை பேஷண்டை எடுத்துக்கலாம். நம்ம வழக்கமா எழுதுறது இப்படி இருக்கும்: "64 வயசு, நிமோனியா, ஆன்டிபயாடிக் ஓடுது, ஆக்சிஜன்ல இருக்காங்க, வாட்ச் பண்ணவும், ஏபிஜி ஃபாலோ அப்." (ஏபிஜின்னா ரத்தத்துல ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவு பாக்குற டெஸ்ட்.) இதுல பொய் எதுவும் இல்ல. ஆனா இதை படிச்சிட்டு ராத்திரி 1 மணிக்கு அந்த பெட் பக்கத்துல நிக்குறவருக்கு ஒண்ணும் கிடைக்கல.

அதையே இப்படி எழுதி பாருங்க. கவனிக்கணும். 64 வயசு, ரெண்டாவது நாள் நிமோனியா, பழைய ஹார்ட் ஃபெயிலியர், எக்கோல இஜெக்ஷன் ஃப்ராக்ஷன் (ஒரு துடிப்புல ஹார்ட் வெளிய தள்ளுற ரத்தத்தோட பங்கு) 30%. காலைல 2 லிட்டர் ஆக்சிஜன்ல இருந்தாங்க, இப்போ 4 லிட்டர்ல 93%, போற திசை எனக்கு பிடிக்கல. வேலை: 10 மணிக்கு ஏபிஜி. இப்படி ஆனா: ஆக்சிஜன் 6 லிட்டர் தாண்டுனா இல்ல மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேல போனா, இதை பண்ணு: ஏபிஜி, எக்ஸ்ரே எடுத்துட்டே ஐசியு டாக்டரை கூப்பிடு, அவருக்கு இந்த கேஸ் ஏற்கனவே தெரியும், வென்டிலேட்டர் பத்தி குடும்பத்துகிட்ட பேசியாச்சு, சரின்னு சொல்லிட்டாங்க. இப்படி ஆனா: மேல் பிபி 90க்கு கீழ போனா, இதை பண்ணு: 250 மிலி மட்டும் ஏத்தி திரும்ப பாரு, லிட்டர் கணக்குல ஏத்தாத, சீனியருக்கு போன் போடு.

"குடும்பத்துகிட்ட பேசியாச்சு", "ஐசியு டாக்டருக்கு தெரியும்"ங்குற ரெண்டு துணுக்கும் கேஸ் ஷீட்ல எங்கயோ மூணாவது பக்கத்துல இருக்கும், இல்லாமலும் இருக்கும், ஆனா ராத்திரி அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துறது அதுதான். ஹார்ட் ஃபெயிலியரும் பாருங்க, பிபி குறைஞ்சா ஃப்ளூயிட் ஏத்துங்குறது எல்லார் கையும் தானா பண்ற வேலை, இந்த பேஷண்டுக்கு மட்டும் அது ஆபத்து. எல்லாரும் வழக்கமா பண்றது இந்த ஆளுக்கு ஒத்துவராதுன்னா அதை கண்டிப்பா எழுதணும். எழுத என்ன இருக்குன்னு தோணலன்னா உங்களை நீங்களே கேட்டுக்கோங்க, இந்த பேஷண்டுக்காக ராத்திரி என்னை யாராவது எழுப்புனா அது எதுக்கா இருக்கும், அப்போ நான் தூக்கக் கலக்கத்துல என்ன சொல்லுவேன். அதை இப்பவே டைப் பண்ணிடுங்க, நிம்மதியா தூங்கலாம்.

எல்லா ஸ்டேபிள் பேஷண்டுக்கும் இதை கட்டாயம் ஆக்காதீங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகப்போறவருக்கு கட்டத்தை நிரப்ப வெச்சா ஒரு புள்ளி வெச்சுட்டு போவாங்க, அப்புறம் அந்த பழக்கம் "கவனிக்கணும்" பேஷண்டுக்கும் தொத்திக்கும்.

நேத்து எழுதுனது இன்னைக்கு ஊசிப்போயிருக்கும்

சாஃப்ட்வேர் வந்ததால புதுசா வந்த நோய் இது. பேப்பர்னா தினமும் திரும்ப எழுதணும், கை வலிக்கும், அதுல ஒரு நன்மை இருந்துச்சு, எழுதுறப்போ யோசிப்போம். கம்ப்யூட்டர்ல நேத்து எழுதுனது அப்படியே நிக்கும். சான் ஃப்ரான்சிஸ்கோல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி நோட்ஸை எழுத்து எழுத்தா அலசி 2017ல வெளியிட்டாங்க, அதுல 46% காப்பி பண்ணது, 36% வேற இடத்துல இருந்து இழுத்தது, கையால புதுசா டைப் பண்ணது வெறும் 18%. ஹேண்டோவர் லிஸ்டும் கவனிக்காம விட்டா இதே கதிதான், ஐசியுல இருந்து வந்து 6 நாள் ஆனவருக்கு இன்னும் "இன்னைக்கு எக்ஸ்டுபேட் பண்ணோம்"னு (மூச்சுக்குழாய்ல வெச்ச டியூபை எடுத்தோம்னு அர்த்தம்) இருக்கும்.

இதுக்கு நாங்க வெச்ச ஏற்பாடு ரொம்ப சிம்பிள். கதை கட்டம் அடுத்த நாளுக்கு நகரும், பரவால்ல, அது பெருசா மாறாது. சீரியஸ் கட்டம் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் காலியாகிடும், புதுசா தேர்ந்தெடுக்கணும், ஒரே கிளிக்தான் ஆனா அந்த ஒரு கிளிக்குக்கு ஆளை நினைச்சு பாத்தாகணும். "ஆனா" கட்டம் 12 மணி நேரத்துல சாம்பல் கலர் ஆகிடும், இன்னும் செல்லும்னா ஒரு பட்டன் அழுத்தி உயிர் குடுக்கலாம், இல்லன்னா மாத்தணும். முடிக்காத வேலை மட்டும் அடுத்த ஷிஃப்டுக்கு போகும், பக்கத்துல எத்தனை ஷிஃப்டா கிடக்குதுன்னு நம்பர் வரும். நாலு ஷிஃப்டா உருண்டுட்டு வர்ற வேலைய யாரும் செய்யப்போறதில்ல, ஒண்ணு செய்யுங்க இல்ல அழிங்க. எல்லா கட்டத்துக்கும் கீழ யார் கடைசியா மாத்துனது, எப்போங்குறது தெரியணும்.

ஸ்கிரீன் முன்னாடி சேந்து உக்காந்து பேசுங்க

நல்ல சாஃப்ட்வேர் வந்ததும் முதல்ல சாகுறது பேச்சு. "எல்லாம் லிஸ்ட்ல இருக்கு, பாத்துக்கோ, டேக் கேர்." இதை விட்டா நீங்க கட்டுனது எல்லாம் வீண். 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, குழந்தைகள் வார்டு இன்டர்ன்களை வெச்சு, குடுத்தவர்கிட்ட இந்த பேஷண்டை பத்தி மிக முக்கியமான விஷயம் எதுன்னு கேட்டாங்க, வாங்குனவர்கிட்டயும் தனியா கேட்டாங்க, 60% தடவை அந்த முக்கியமான விஷயம் போய் சேரவே இல்ல. குடுத்தவங்க எல்லாம் சேந்துடுச்சுன்னுதான் நம்புனாங்க.

அதனால ரெண்டு பேரும் ஒரே ஸ்கிரீனை பாத்து பேசணும், மேல இருந்து கீழ. "சீரியஸ்", "கவனிக்கணும்" ஆளுங்களை பத்தி நிதானமா, ஸ்டேபிள் ஆளுங்களை பத்தி வேகமா. நேரம் ஆகும்னு பயப்படாதீங்க, ஐ-பாஸ் ஆய்வுல ஒரு பேஷண்டுக்கு முன்னாடி 2.4 நிமிஷம் ஆச்சு, அப்புறம் 2.5, அவ்ளோதான் வித்தியாசம். போனை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. வாங்குறவர் கடைசில தன் வார்த்தைல திருப்பி சொல்லணும், ஸ்கிரீனை பாத்து படிக்கக்கூடாது, "அப்போ இவங்களுக்கு பிபி விழுந்தா ஃப்ளூயிட் அள்ளி விடக்கூடாது, 10 மணி ஏபிஜி என் பொறுப்பு" இந்த மாதிரி. இதை சாஃப்ட்வேரால பண்ண முடியாது. அதிகபட்சம் வாங்குறவர் அழுத்துற ஒரு "எடுத்துக்கிட்டேன்" பட்டன் வைக்கலாம், நேரத்தோட, எத்தனை மணில இருந்து யார் பொறுப்புங்குறது நர்ஸுக்கும் தெரியும், யாருக்கு போன் போடணும்னு அவங்க தேடி அலைய வேணாம். ஆனா மொத்த லிஸ்டுக்கும் ஒரே பட்டன் வெக்காதீங்க, பேசாமலே அழுத்திட்டு போயிடுவாங்க, மேல இருக்குற சீரியஸ் ஆளுங்களுக்காவது தனித்தனியா வைங்க.

ஏஐ சுருக்கி குடுக்குமே

குடுக்கும். கதை கட்டத்துக்கு ட்ராஃப்ட் போட விடுங்க, 40 பக்க கேஸ் ஷீட்டை 300 எழுத்துல கொண்டு வர்றது அதுக்கு வர்ற வேலைதான், நீங்க படிச்சு திருத்திட்டு உங்க பேர்ல சேவ் பண்ணுங்க. "ஆனா" கட்டத்தை அது கிட்ட குடுக்காதீங்க. கேஸ் ஷீட்ல எழுதாத ஒண்ணு அதுக்கு தெரியாது, "போற திசை எனக்கு பிடிக்கல"ங்குறது கேஸ் ஷீட்ல இருக்காது. அதோட அது எழுதுறது எப்பவுமே சரளமா, நம்பிக்கையா இருக்கும், களைச்சு போனவன் கண்ணுக்கு சரளமா இருக்குற தப்பு தெரியாது. பேஷண்ட் விவரத்தை வெளிய இருக்குற பொது சாட்பாட்ல பேஸ்ட் பண்றது இருக்கே, அதை யாரும் பாக்கலன்னாலும் பண்ணாதீங்க, ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போட்டு உள்ள கொண்டு வந்தது மட்டும்தான்.

பேப்பரும், சர்வர் படுத்தாலும்

பேப்பரை ஒழிச்சுட்டோம்னு பெருமை அடிக்காதீங்க, ராத்திரி ரவுண்ட்ஸ் போறவர் கைல ஒரு ஷீட் வேணும்தான். பிரிண்ட் ஒரே பக்கத்துல, மேல பிரிண்ட் எடுத்த நேரம் பெருசா, ஓரத்துல எழுத இடம். ஷிஃப்ட் முடிஞ்சா வார்டுல இருக்குற ஷ்ரெட்டர்ல போட்டுட்டுதான் வீட்டுக்கு போகணும், கேன்டீன் டேபிள்ல பேஷண்ட் லிஸ்ட் கிடந்து நானே எடுத்திருக்கேன். ஷிஃப்ட் மாறுற நேரத்துக்கு தானா ஒரு பிடிஎஃப் வார்டு கம்ப்யூட்டர்ல சேவ் ஆகுற மாதிரி செட் பண்ணுங்க, சர்வர் படுக்குறது எப்பவும் சனிக்கிழமை ராத்திரிதான். ஒரே லாகினை எல்லாரும் பயன்படுத்துறதை முதல் நாளே நிறுத்துங்க, இல்லன்னா யார் மாத்துனாங்கங்குற கட்டத்துக்கே அர்த்தம் இல்ல. இந்த லிஸ்ட் மெடிக்கல் ரெகார்டுல சேருமா சேராதான்னு ரெகார்ட்ஸ் பிரிவுல கேட்டு தெளிவு பண்ணிக்கோங்க, சேராதுன்னா முக்கியமான முடிவு எதுவும் லிஸ்ட்ல மட்டும் இருக்கக்கூடாது, கேஸ் ஷீட்லயும் இருக்கணும்.

ஆரம்பிக்கிறதும் அளக்குறதும்

ஒரே வார்டுல ஆரம்பிங்க. முதல் ரெண்டு வாரம் ஒரு சீனியர் ஹேண்டோவர்ல கூட உக்காரணும், திட்டுறதுக்கு இல்ல, "இவங்க ஏன் ஸ்டேபிள்? எனக்கு அப்படி தோணலயே"ன்னு கேக்குறதுக்கு. ஜூனியருங்க இந்த கேள்வில இருந்துதான் கத்துக்குவாங்க, ட்ரெய்னிங் வீடியோல இருந்து இல்ல. முதல் வாரம் வர்ற எல்லா குறையையும் கேளுங்க, ஆனா கட்டம் சேக்க சொல்லி வர்ற கோரிக்கைல பாதிக்கு மேல மறுத்துடுங்க, ஒவ்வொரு பிரிவும் தன்னோட கட்டத்தை சேத்துட்டே போனா ஆறு மாசத்துல ஸ்கிரீன் இன்கம்டாக்ஸ் ஃபார்ம் மாதிரி ஆயிடும்.

அளக்குறதுக்கு பெரிய ரிசர்ச் எல்லாம் வேணாம். "கவனிக்கணும்" பேஷண்டுல எத்தனை பேருக்கு "ஆனா" கட்டத்துல உருப்படியா ஒரு வரி இருக்கு, காலை ரவுண்ட்ஸ்ல எத்தனை பேஷண்டை விட்டுட்டு போனோம், இந்த ரெண்டும் எண்ணுனா போதும். ரெண்டாவதை சிரிக்காதீங்க, சியாட்டில்ல இருக்குற வாஷிங்டன் யுனிவர்சிட்டில ரவுண்ட்ஸுக்கும் சைன்-அவுட்டுக்கும் சேத்து ஒரு கம்ப்யூட்டர் லிஸ்ட் கட்டி 2005ல ரிசல்ட் சொன்னாங்க, ரவுண்ட்ஸ்ல விட்டுப்போற பேஷண்ட் எண்ணிக்கை பாதியா குறைஞ்சுது. ஆளுங்க விட்டுப்போறது எல்லா இடத்துலயும் நடக்குறதுதான், வெளிய சொல்ல மாட்டாங்க.

மாசம் ஒரு தடவை அந்த 2010 ஆய்வோட வேலையை உங்க வார்டுலயே பண்ணி பாருங்க, பத்து நிமிஷம்தான் ஆகும். ஹேண்டோவர் முடிஞ்ச கையோட அஞ்சு பேஷண்டை எடுத்துக்கோங்க, கிளம்புறவரை ஓரமா கூப்டு ஒவ்வொருத்தருக்கும் முக்கியமான விஷயம் ஒண்ணே ஒண்ணு சொல்ல சொல்லுங்க, டூட்டி எடுத்தவரை இன்னொரு பக்கம் கூப்டு அதையே கேளுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க. ஒத்துப்போகாதது எதுவோ, அந்த பேஷண்டோட லிஸ்டை திறந்து அது எந்த கட்டத்துல வந்திருக்கணும், ஏன் வரலன்னு பாருங்க. கட்டமே இல்லன்னா சாஃப்ட்வேரை மாத்துங்க, கட்டம் இருந்தும் காலியா இருந்தா எழுதுனவர்கிட்ட தனியா பேசுங்க, எழுதியும் போய் சேரலன்னா அவங்க லிஸ்டை பாத்து படிச்சிட்டு பேச்சை முடிச்சிருப்பாங்க, அன்னைக்கு சாயங்காலம் நீங்களே போய் பக்கத்துல உக்காருங்க.